வாய்க்காலுக்கு மேற்கே

எங்கள் ஊரை இரண்டாகப் பிரித்தது ஒரு சாக்கடை. மரியாதையாகப் பெரிய வாய்க்கால் என்போம். வடக்கிலிருந்து தெற்கே ஓடும். கிழக்குக் கரையில் செஞ்சி சாலை, மேற்குக் கரையில் ஆம்பூர் சாலை. மழைத் தண்ணீரைக் கடலில் சேர்க்க வெட்டியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அதில் ஓடியது மழைத் தண்ணீர் இல்லை. சித்திரை வெயிலில் அந்த நாற்றம் மிஷன் வீதியைத் தாண்டி எங்கள் திண்ணை வரைக்கும் வந்து உட்காரும். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் தெருக்கள், மேற்கே தமிழர் தெருக்கள். பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே எழுதி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. "அந்தண்ட", "இந்தண்ட", அவ்வளவுதான்.

இன்று பாண்டிச்சேரி என்று ஊர் உலகம் படம் பிடித்துக்கொண்டு போவது முழுக்க அந்தண்ட. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலத் தெருப்பலகை, அதன் முன்னால் கல்யாணத்துக்கு முந்திய படம் எடுக்க வந்த சென்னை ஜோடி. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பாண்டிச்சேரி இதுதான் என்று வழிகாட்டிகள் ஒப்பிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் வீடுகளையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1765ல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்த பிறகு, ழான் லா கவர்னராக வந்து மறுபடி கட்டத் தொடங்கியதுதான் இன்றைய கிழக்குப் பக்கம். அதற்கு முந்திய வீடு ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் வாய்க்காலைத் தாண்டி இந்தண்டதான் வர வேண்டும், பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதிக்கு.

தெருக்களின் அமைப்பு அதைவிடப் பழையது. பிரான்சுவா மர்த்தேன் 1674ல் இங்கே பிரெஞ்சுக் கும்பெனி வியாபாரத்தைத் தொடங்கினார். 1693ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். ஆறு வருஷம்தான் வைத்திருந்தார்கள். அதற்குள் தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து வரைந்துவிட்டார்கள். 1699ல் திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோடுகளையே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்குள் ஒரு தெரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். நல்ல திட்டம்தான். ஆனால் மனிதர்களையும் கட்டம் கட்டி உட்கார வைத்த திட்டம் அது. செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு, கோமுட்டித் தெரு, கொசக்கடைத் தெரு என்று பெயர்களைப் படித்துக்கொண்டு போனாலே யார் எங்கே இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். நெசவாளர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள், கும்பெனிக்கு வேண்டியது துணி. நீலம் தோய்த்த பாண்டிச்சேரித் துணி பிற்காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போய் விற்றது. எந்தக் கட்டத்திலும் இடம் கிடைக்காதவர்களின் குடிசைகள் புல்வாருக்கு வெளியே இருந்தன. அவர்கள் தெருக்களை எந்த வழிகாட்டியும் இன்றைக்கும் காட்டுவதில்லை.

நான் வளர்ந்த வீடு வைசியாள் வீதியை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வைசியாள் வீதிக்கு நகராட்சிப் பலகையில் கலவை சுப்பராய செட்டி வீதி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டால் அந்தக் காலத்தில் யாரும் வர மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே முகம்: தெருவை ஒட்டி மரக்கால்கள் நட்டு, மேலே ஓடு வேய்ந்து, நடந்து போகிறவர்கள் ஒதுங்க ஒரு தாழ்வாரம். அதை அடுத்து, கதவுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. அப்புறம் நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். தாழ்வாரம் ஊருக்கு, திண்ணை வந்தவருக்கு, முற்றம் வீட்டுக்கு. மழை பிடித்துக்கொண்டால் தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் தாழ்வாரத்தில் நிற்கலாம். கேட்கத் தேவையில்லை. வரிசையாகத் தாழ்வாரங்கள் ஒட்டி ஒட்டி இருந்ததால் எங்கள் தெருவில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரைக்கும் வெயில் படாமல் நடந்து போகலாம் என்று ஆயா, எங்கள் பாட்டி, சொல்வாள். என் காலத்திலேயே நடுநடுவே பல் விழுந்துவிட்டது.

வேடிக்கை மாடியில் இருக்கிறது. கீழே முழுத் தமிழ் வீடு. மாடிக்கு ஏறினால் வளைவு வைத்த ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், சாய்த்துத் திறக்கும் மரச்சட்டக் கதவுகள், பூஜாடி வைத்த கைப்பிடிச் சுவர். வசதி வந்தபோது என் கொள்ளுத்தாத்தா மாடியை மட்டும் துரை வீடு மாதிரி கட்டிக்கொண்டார். ஆனால் அங்கே யாரும் குடியிருந்ததில்லை. சாப்பாடு, தூக்கம், சண்டை, பிரசவம் எல்லாம் கீழே. மேலே வடகம் காயப் போடுவோம்.

அவர் மட்டும் இப்படிக் கட்டவில்லை. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பாருங்கள், கீழே செதுக்கிய மரத்தூண்கள், மேலே காரை பூசிய ஐரோப்பியத் தூண்கள். 1709ல் பிறந்த பிள்ளை கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரைக்கு துபாஷாக இருந்தவர். 1736லிருந்து கிட்டத்தட்ட சாகும் வரைக்கும் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி ஊர் நடப்பை எழுதிக்கொண்டே வந்தார். கப்பல் வந்தது, கப்பல் போனது, துரை முகம் எப்படி இருந்தது, துரையம்மாள் யாரிடம் என்ன வாங்கினாள், எல்லாம் இருக்கும். ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு, 1761 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். கண் முன்னால் இடிபடுவதைப் பார்க்காமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். நாட்குறிப்பு வெளியே வந்தது 1846ல்தான், கலுவா மோன்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டு. நம் எழுத்தாளர் பிரபஞ்சன் அதை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டு நாவல்களையும் எழுதினார். இரண்டாவதற்கு 1995ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது எங்கள் தெருவில் புத்தகம் வாங்கியவர்கள் குறைவு, "நம்மாளு" என்றவர்கள் அதிகம்.

நாட்குறிப்பைப் படித்தால் வாய்க்கால் மட்டுமே ஊரைப் பிரிக்கவில்லை என்பது விளங்கும். மிஷன் வீதியில் சம்பா கோயில் என்கிற கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1791ல் முடிந்தது. அதற்கு முன்பு அங்கே இருந்த கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் நின்றது. 1745ல் அந்தச் சுவரைப் பற்றி எழுந்த சண்டையைப் பிள்ளை எழுதியிருக்கிறார். அதே கோயிலுக்கு அடுத்து இருந்த வேதபுரீசுவரர் கோயிலை 1748ல் இடித்ததையும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கிறபோது, துரையிடம் சம்பளம் வாங்குகிற மனிதர் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இரவில் காகிதத்தில் சொல்கிறார் என்று தோன்றும். ஈசுவரன் கோயில் பிறகு வேறு இடத்தில் எழும்பியது. ஆயா வெள்ளிக்கிழமை அங்கே விளக்கேற்றிவிட்டு, திரும்பும் வழியில் சம்பா கோயில் வாசலிலும் ஒரு கும்பிடு போடுவாள். "எடம் அவருடையதுதானே" என்பாள்.

ஆயாவோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போவதுதான் எனக்கு ஊர் சுற்றல். இப்போது குபேர் அங்காடி என்று பெயர். எதுவார் குபேர் 1963ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானவர். நேரு வீதிப் பக்கம் நுழைந்தால் பாத்திரக் கடை, பூக்கடை, வெற்றிலைக் கடை. நடுவே மணிக்கூண்டு. பின்னால் மீன் பக்கம். ஆயாவுக்கு மணிக்கூண்டு நேரம் முக்கியமில்லை, வைத்திக்குப்பத்துக் கூடை வந்துவிட்டதா என்பதுதான் நேரம். மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டுவாள். ஆயா விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, விலையே கேட்காமல் நகர்வாள். நாலு கூடை தள்ளிப் போன பிறகு பின்னாலிருந்து குரல் வரும், "வா ஆயா, நீ சொல்றதுக்கே குடுக்கறேன்." ஆயா இதுவரை எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். இந்த அங்காடியை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றும் கூடாது என்றும் இழுபறி நடந்திருக்கிறது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஓட்டை ஒழுகல் எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தக் கடைகளின் நெருக்கத்தையும் பேச்சையும் எந்த மாடிக் கட்டடத்தில் அடுக்கி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தினம் காலையில் நீள ரொட்டி சைக்கிளில் வரும். சாக்குக்குள் நட்டு வைத்த மாதிரி தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஆயா ஒன்று வாங்கி, பெரியப்பாவுக்குப் பாதியை வெட்டி வைத்துவிட்டு, மீதியை எங்களுக்கு முந்தின நாள் கறிக்குழம்பில் முக்கித் தருவாள். பெரியப்பா வெண்ணெய் தடவித் தனியாகச் சாப்பிடுவார். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்தவர். தெருவில் அவரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். என் அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே முற்றத்தில் குளித்து, ஒரே உலையில் சாப்பிட்ட அண்ணனும் தம்பியும் வேறு வேறு நாட்டுப் பிரஜைகள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை.

நடந்தது இதுதான். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஆயாவை யாரும் கேட்கவில்லை.

"எனக்கு மட்டும் கீழூர்ல ஓட்டு இருந்திருந்தா எட்டு ஒம்போதாயிருக்கும்" என்று பெரியப்பா சொல்வார். ஜூலை 14 வந்தால் மெடல்களைத் துடைத்துக் கோட்டில் குத்திக்கொண்டு கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் புறப்படுவார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை மடித்தபடி, "அண்ணே, உங்க சுதந்திர நாள் ஒரு மாசம் முன்னாடியே வந்துடுதே" என்பார்.

"எங்களுக்கு மாசாமாசம் பென்ஷன் வருது. உனக்கு என்னடா வருது?"

அப்பாவிடம் அதற்குப் பதில் இருந்ததில்லை. எங்கள் வீட்டு ஓட்டை மாற்றியது, கிணற்றுக்கு மோட்டார் போட்டது, என் கல்யாணத்துக்குப் பாதிச் செலவு, எல்லாம் அந்தப் பென்ஷன். இந்தண்டத் தெருக்களில் பழைய வீடுகள் நின்றதற்குக் காரணம் தேடினால் பல இடத்தில் பிரான்சிலிருந்து வந்த பணம் இருக்கும். பாரம்பரியம் என்ற சொல்லை அப்போது யாரும் உச்சரித்ததில்லை. ஓடு ஒழுகியது, பணம் இருந்தது, மாற்றினார்கள். குழந்தைகளான எங்களுக்கு லாபம் வேறு வகை: ஜூலை 14, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 என்று நாலு தடவை மிட்டாய்.

பெரியப்பாவின் கதாநாயகன் லப்போர்த். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல் 1873ல் ஐரோப்பியர் மாதிரி சப்பாத்துப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி கோர்ட்டுக்குள் நுழைந்தார். நம்மவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஜட்ஜ் அனுமதிக்கவில்லை. அவர் விடவில்லை, பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு 1881ல், சாதி வழக்கங்களை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்று உத்தரவு வந்தபோது முதல் ஆளாக எழுதிக் கொடுத்து, லப்போர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். அவர் பேரில் ஒரு தெரு இருக்கிறது. பெரியப்பா அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்ததற்கு ஆயாவிடம் திட்டு வாங்கும்போதும் சொல்வார்.

எனக்கு அந்தண்ட போக ஒரே காரணம்தான் இருந்தது, ரோமன் ரோலான் நூலகம். 1827ல் தொடங்கியது, ஆரம்பத்தில் வெள்ளையருக்கு மட்டும். நான் போன காலத்தில் தமிழ் அலமாரிகள் வளர்ந்திருந்தன. பள்ளிக்கூடம் விட்டு நேராகப் போய், வெளிச்சம் போவதற்குள் திரும்ப வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பெண்பிள்ளை வாய்க்காலைத் தாண்டக் கூடாது என்பது ஆயாவின் சட்டம். அந்தண்ட பயப்பட என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதில் உயரம், கதவு சாத்தியிருக்கும், திண்ணை கிடையாது, கூப்பிட்டால் ஓடிவர ஆள் கிடையாது. அதுதான் பயம். எங்கள் தெருவில் பத்தடிக்கு ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள், யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பாதுகாப்பு என்றும் சொல்லலாம், வேறு பெயரும் சொல்லலாம். பதினாறு வயதில் நான் வேறு பெயர்தான் சொன்னேன்.

நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களில்தான், நான் தினம் கடந்து போகும் வீடுகள் யாருடையவை என்பது தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி. பாரதி குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. 1908ல் ஆங்கிலேய அரசின் வாரண்டுக்குத் தப்பி வந்தவர், பத்து வருஷம் இங்கேயே இருந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் தேதி வந்து இறங்கியதும் முதலில் தங்கியது கோமுட்டித் தெருவில், சங்கர செட்டியார் வீட்டு மாடியில். அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் போலீசின் உளவாட்கள் இந்தத் தெருக்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அரவிந்தரின் ஆசிரமம் பின்னால் வாய்க்காலுக்குக் கிழக்கே அமைந்துவிட்டதால் பலருக்கு இது தெரிவதில்லை: தேசத்துக்காக ஓடிவந்தவர்களுக்கு முதலில் கதவைத் திறந்தது இந்தண்டத் திண்ணைகள்தான். 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கடலூர்ப் பக்கம் பிடித்தார்கள்.

பாரதியை நேரில் பார்த்ததாகச் சொல்லாத கிழவர் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கிடையாது. பார்த்திருக்கவே முடியாத வயதுக்காரர்களும் பார்த்திருந்தார்கள். ஒருவர் கடன் கொடுத்ததாகவே சொல்வார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. அவரைப் பற்றிய கதைகளில் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம், ஏனென்றால் பல வருஷம் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவர். அவரிடம் அடி வாங்கியவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

தெற்கே முதலியார்பேட்டையில் மில்கள். காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்து மில் சங்கு எங்கள் முற்றம் வரைக்கும் கேட்கும். ஆயா அதை வைத்து உலை வைப்பாள். 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பெயரை எடுத்தால் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து நின்று பேசுவார். ரோடியர் மில் என்று நாங்கள் சொல்லும் ஏ.எஃப்.டி.யையும் 2020ல் மூடிவிட்டார்கள். இப்போது எந்தச் சங்கும் கேட்பதில்லை.

வீடுகளுக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

2014 நவம்பர் 29ஆம் தேதி, தொடர் மழையில், கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870களின் தொடக்கத்தில் கட்டியது. என் பிறப்பு, பெரியப்பாவின் கல்யாணம் எல்லாம் பதிந்த நகராட்சி. ஊரே துக்கம் விசாரித்தது. உலக வங்கிப் பணத்தில் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி, 2021ல் திறந்தார்கள். சந்தோஷம். அதே மழையிலும், அதற்கு முன் 2011 டிசம்பரில் தானே புயலிலும், இந்தண்ட விழுந்த தாழ்வாரங்களை யாரும் எண்ணவில்லை. தாழ்வாரம் விழுந்த இடத்தில் இரும்பு ஷட்டர் வந்தது. திண்ணை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் ஏற ஒரு சரிவு வந்தது. ஒரு கல்யாணச் சாவுக்குக்கூட ஆள் கூடுகிறது, ஒரு திண்ணைக்குக் கூடவில்லை.

வைசியாள் வீதிக்கு மட்டும் நல்ல காலம் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பணத்தில் ஆசியா உர்ப்ஸ் என்று ஒரு திட்டம். இத்தாலியின் உர்பீனோவும் பிரான்சின் வீல்நேவ் சூர் லோவும் கூட்டு நகரங்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வேலையைப் பார்த்தது. வீட்டுக்காரர்களோடு பேசித் தெரு முகங்களை மீட்டார்கள். மூடிய தாழ்வாரங்களைத் திறந்தார்கள், சிமெண்டைச் சுரண்டிக் காரை பூசினார்கள். 2008ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது வந்தது. எங்கள் தெரு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் அந்த வேலையில் பழகிய கொத்தனார் ஒருவர் பிற்பாடு எங்களுக்குக் கிடைத்தார்.

நடைச் சுவரில் அப்பா காலத்தில் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். உள்ளே ஈரம் கோத்து, பலகை பலகையாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. கொத்தனார் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "மூச்சு விட முடியாம கெடக்குதும்மா. இது சுண்ணாம்புச் சுவரு, சிமெண்டு போத்திட்டாங்க" என்றார். சிமெண்டை முழுக்க உரித்துவிட்டு ஒரு வாரம் சும்மா விட்டார். பிறகு தொட்டியில் நீர்த்து வைத்த சுண்ணாம்பும் மணலும், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர். அந்த வாடை ஒரு மாதிரி புளிப்பாக வீடு முழுக்க நின்றது. மூன்று பூச்சு. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. மஞ்சள் கருவை என்ன செய்வது என்று எனக்குக் கவலை, அவர் ஆட்கள் ஆம்லெட் போட்டுக்கொண்டார்கள். பூசிய கையோடு ஒரு கூழாங்கல்லை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பூச்சு இறுகுவதற்குள் தேய்த்து முடிக்க வேண்டும், நடுவில் எழுந்தால் கோடு விழும். என்னிடம் பேசிக்கொண்டே தேய்த்தார், தலை மட்டும் திரும்பவே இல்லை. சாயங்காலம் சுவரில் என் புடவையின் நிறம் மங்கலாகத் தெரிந்தது. மாடித் தளத்தையும் அவர்தான் பார்த்தார். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைக்கு மூலை அடுக்கிக் காரை ஊற்றிய மெட்ராஸ் டெரஸ். இரண்டு உத்தரம் செல்லரித்திருந்தது. மாற்றினால் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும் என்றார். செலவைக் கேட்டுவிட்டு எந்தத் தலைமுறை என்று நான் கேட்கவில்லை.

ஏன் வீட்டை விற்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் பாரம்பரியப் பற்று என்று பெருமையடிக்க மாட்டேன். விற்க முடியவில்லை, அதுதான் உண்மை. பெரியப்பா பிள்ளைகள் பாரிசில். அத்தை பிள்ளைகள் லியோனிலும் ரெயூனியனிலும். எனக்கும் தம்பிக்கும் ஒரு பங்கு. ஒருவர் சரி என்றால் இன்னொருவர் கையெழுத்துப் போட மாட்டார். இந்தண்ட நிற்கிற பல பழைய வீடுகளை இப்படி வாரிசுச் சிக்கல்தான் காப்பாற்றியிருக்கிறது. பங்கு சுமுகமாகப் பிரிந்த வீடுகள் எல்லாம் எப்போதோ மூன்று மாடிக் கட்டடம் ஆகிவிட்டன. அதே சிக்கல் முற்றினால் வீட்டைக் கொல்லவும் செய்யும். பூட்டிக் கிடக்கும், ஆலங்கன்று முளைக்கும், ஒரு மழைக்கு முன்சுவர் தெருவில் கிடக்கும். சட்டம் எத்தனை வந்தாலும், ஒழுகுகிற ஓட்டை மாற்ற ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் கடைசிக் கேள்வி என்று எனக்குப் படுகிறது. இப்போதைக்கு நான் இருக்கிறேன்.

போன வருஷம் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர் வந்து மாடியைச் சுற்றிப் பார்த்தார். வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், உத்தரம் மாற்றும் செலவும் என்னுடையது என்றார். கீழே தாழ்வாரத்தைத் தொடக் கூடாது என்றேன், ஒப்புக்கொண்டார். பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நியாயம். பத்திரம் கொள்ளுத்தாத்தா காலத்தில் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி ஒருவர் பிரெஞ்சில் எழுதியது. இந்த வீட்டில் குடியிருக்கிற எங்களுக்குப் பிரெஞ்சு படிக்க வராது. படிக்க வருகிறவர்கள் வீட்டைப் பார்த்தே பல காலமாகிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பாரிசில் இருக்கிற பெரியப்பா மகளுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் பண்ணினாள்.

"அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மேக்கால சுவரு இருக்குல்ல, அது பாதி பக்கத்து வீட்டுக்காரங்களுதுன்னு போட்டிருக்கு."

"பாதின்னா?"

"பொதுச் சுவராம். வெள்ளையடிக்கிறது, பழுது பாக்கிறது எல்லாம் ரெண்டு வீடும் சரிசமமா ஏத்துக்கணுமாம்."

அப்பா காலத்திலிருந்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தது நாங்கள். காரை பூசியது நான். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. பத்திரிகை வாங்கிப் படிக்கிற மனிதர்தான், இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.